தண்ணிக்கொடம் மேல போட்ட பழி: கர்ப்பத்துல ஒண்ணா இருக்குறது பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

"தண்ணிக்கொடம் தூக்குனேன் டாக்டரம்மா, எறக்கி வச்சதும் பட்டுருச்சு." கேஸ் ஷீட்டுல இந்த ஒரு வரிதான் இருந்துச்சு. முழுப் பொய்னும் சொல்ல முடியாது, அன்னைக்கு காலைல அந்தப் பொண்ணு கொடம் தூக்குனது உண்மைதான், ஆனா ரத்தம் பட்டதுக்கும் கொடத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சரியான விவரம் ராத்திரி பத்து மணிக்கு மேல, மாமியார் டீ வாங்க கீழ எறங்குன நேரத்துலதான் வெளிய வந்துச்சு. இத எழுதணும்னு தோணுனதே அதுக்காகத்தான். மாசமா இருக்கைல புருசன் பொண்டாட்டி ஒண்ணா இருக்கலாமா, அதாவது உடலுறவு வச்சுக்கலாமா கூடாதான்னு நம்ம பக்கம் யாரும் வாயத் தொறந்து கேக்குறது இல்ல, கேக்காதவங்ககிட்ட நாங்களா போயி சொல்றதும் இல்ல, அதனால என்னென்ன ஆகுதுன்னு இந்த ஒரு குடும்பத்த வச்சே சொல்லிரலாம்.

நான் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பிரசவ வார்டுல நர்ஸ், கவுன்சிலிங்கும் சேத்துப் பாக்குறேன். ஆள் யாருன்னு தெரியக்கூடாதுன்னு ஊரு, வயசுன்னு சிலத மாத்திருக்கேன்.

ஆளும் சூழலும்

பொண்ணுக்கு 26 வயசு, பாம்பன் பாலத்துக்கு அந்தாண்ட தீவுப் பக்கம் ஒரு மீனவ ஊரு. மொதப் புள்ளைக்கு மூணு வயசு, காலு கீழ இருந்ததால ஆப்பரேசன் பண்ணி எடுத்தது. இது ரெண்டாவது, வந்தப்ப 25 வாரம். ரத்த குரூப் ஓ நெகட்டிவ், வீட்டுக்காரருக்கு பாசிட்டிவ். ஹீமோகுளோபின் 9.4, இரும்பு மாத்திர போட்டா கொமட்டுதுன்னு பாதி நாள் போடுறதில்ல, இது எங்க வார்டுல பழகிப்போன கத.

மே மாசம் நடுவுல வந்தாங்க. அந்த மாசத்த ஏன் சொல்றேன்னா, கிழக்குக் கடற்கரைல ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு தடைக்காலம், 61 நாளு. மத்த நாள்ல வாரத்துக்கு மூணு நாள் கடலு, மிச்ச நாளு வலை, டீசலு, ஏலம்னு போயிரும், வீட்ல ஆம்பள தொடர்ந்தாப்புல இருக்குறது இந்த ரெண்டு மாசம்தான். போட்ட கரையேத்தி மராமத்து பாத்துட்டு பொழுது சாஞ்சா வீட்டுக்கு வந்துருவாக. அந்தப் பொண்ணுக்கும் மசக்கை முடிஞ்சு உடம்பு தேறி நல்லா இருக்குற நேரம். மொத மூணு மாசம் வாந்தி, அசதியில ஆசையே இருக்காது, நாலஞ்சு மாசத்துக்கு மேல நெறைய பொண்ணுகளுக்கு அது திரும்பி வரும், இடுப்புப் பக்கம் ரத்த ஓட்டம் கூடுறதால சிலபேருக்கு முன்னவிட ஜாஸ்தியாவே இருக்கும். இது தப்பும் இல்ல, சீக்கும் இல்ல.

21ஆவது வாரம் ஒரு தனியார் ஸ்கேன் சென்டர்ல ஸ்கேன் எடுத்திருக்காங்க. நச்சுக்கொடி, அதாவது கர்ப்பப்பைல ஒட்டி புள்ளைக்குச் சத்து குடுக்குற பிளசென்டா, கீழ எறங்கி, பின்பக்கம் ஒட்டியிருக்குன்னு ரிப்போர்ட். அங்க சொன்னது இவ்ளோதான்: "நச்சு கொஞ்சம் கீழ இருக்கு, ரெஸ்ட்டா இருங்க, வெயிட்டு தூக்காதீங்க." அந்த ரிப்போர்ட் நாலா மடிச்சு மஞ்சப்பைல ஆதார் ஜெராக்ஸோட கெடந்துச்சு. அடுத்த செக்கப்புக்கு அத எடுத்துட்டுப் போகல, நர்சம்மாகிட்ட காட்டல. ரெஸ்ட்டுன்னா பகல்ல படுத்துக்கிறதுன்னு இவுக நெனச்சுக்கிட்டாக. ராத்திரியும் அதுல சேத்தின்னு ரெண்டு பேருக்குமே தோணல. தோணுறதுக்கு யாரு சொன்னா?

வந்தப்ப இருந்த நெலம

108ல பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயி, அங்க லைன் போட்டு, ராமநாதபுரத்துக்கு அனுப்பிருக்காங்க. தீவுலருந்து ஒரு மணி நேரத்துக்கு கொறையாத ரோடு. ரத்தம் நல்ல செவப்பு, ஒரு பேடு பாதி நனைஞ்சிருந்துச்சு, வலி சுத்தமா இல்ல. பல்ஸ் 92, பிரஷர் 110க்கு 70. வயிறு மெத்துன்னு இருந்துச்சு, புள்ளையோட துடிப்பு 146.

வலியில்லாம செவப்பா பட்டா நச்சுக்கொடி கீழ இருக்கான்னுதான் மொத சந்தேகம் வரணும். அது தெரியிற வரைக்கும் உள்ள வெரல் விட்டுப் பாக்கக்கூடாது, அந்தச் சோதனையே பெரிய ரத்தப்போக்க கெளப்பிவிட்டுரும். டாக்டரம்மா மொதல்ல ஸ்கேன்தான் போட்டாங்க, கீழ வழியா வக்கிற ஸ்கேன். அதக் கேட்டதும் மாமியார் "உள்ள விடக்கூடாதுங்குறீக, அப்பறம் அத மட்டும் விடுறீக"ன்னு சண்டைக்கு வந்துட்டாக, கேள்வி நியாயம்தான். அந்தக் கருவி கர்ப்பப்பை வாயத் தொடாம, கொஞ்சம் தள்ளியே நிக்கும், வயித்து மேல வச்சுப் பாக்குறதவிட அளவும் துல்லியமா தெரியும், குறிப்பா நச்சு பின்பக்கம் இருந்தா. நச்சோட அடி ஓரம் கர்ப்பப்பை வாயிலருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி இருந்துச்சு. 20க்கு கீழ இருந்தா கீழ எறங்குன நச்சு, வாய மூடியே இருந்துச்சுன்னா அது வேற, அதுக்கு ஆப்பரேசன் தவிர வழி இல்ல. இங்க மூடல. பழைய ஆப்பரேசன் தழும்பு முன்பக்கம், நச்சு பின்பக்கம், அதனால தழும்புல வேர்விட்டு ஒட்டிக்கிற பெரிய ஆபத்தும் இல்லன்னு டாக்டரம்மா பெருமூச்சு விட்டாங்க. கர்ப்பப்பை வாயோட நீளம் 36 மில்லிமீட்டர், நல்ல அளவு.

ரெண்டு யூனிட் ரத்தம் தயாரா வைக்கச் சொன்னாங்க. ஓ நெகட்டிவ் கடைத்தெருவுல கெடைக்கிற சாமானா? வீட்டுக்காரரு காரிடார்ல நின்னு போனுக்கு மேல போனு போட்டுக்கிட்டு இருந்தாரு, மராமத்து வேலைலருந்து அப்புடியே ஓடி வந்தவரு, வெரலு நகமெல்லாம் நீலப் பெயிண்டு, போன் ஸ்கிரீன்லயும் அந்தப் பெயிண்டு ஒட்டியிருந்துச்சு. கடைசில ரத்தம் ஏத்த வேண்டி வரல.

ராத்திரி சொன்னது

ரத்தம் பட்டு வர்ற எல்லார்கிட்டயும் நான் ஒரு கேள்வி கேப்பேன், ஆனா கூட ஆள் இருக்கைல கேக்க மாட்டேன். மாமியார் எறங்கிப் போனதும் டிரிப்ஸ சரிபண்ற மாதிரி பக்கத்துல போயி, "எல்லார்ட்டயும் கேக்குறதுதான், ஒன்னய மட்டும்னு நெனக்காத. இந்த ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்காரரோட ஒண்ணா இருந்தியா?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் டிரிப்ஸ் டியூப்பயே பாத்துக்கிட்டு இருந்துச்சு. "நேத்து ராத்திரி சிஸ்டர்."

"ஒனக்கும் விருப்பம்தான?"

"ம். அவுக எப்பயும் என்னயக் கேட்டுத்தான்... அவுகளத் திட்டிறாதீக."

இந்த ரெண்டாவது கேள்விய நான் எங்கயும் விடுறதில்ல. விருப்பமில்லாம, கட்டாயத்துல நடந்திருந்தா அது வேற கேஸு, அதுல நச்சுக்கொடி பேச்செல்லாம் அப்பறம்தான், அந்தப் பொண்ணு பாதுகாப்பா வீட்டுக்குத் திரும்பலாமாங்குறதுதான் முன்னாடி, பெண்கள் உதவிக்கான 181 நம்பரயும் கையோட எழுதிக் குடுக்கணும். வயித்துல புள்ள இருக்குற நேரத்துல அடி ஒதை ஆரம்பிக்கிற வீடும் உண்டு, கேட்டாத்தான் வெளிய வரும்.

இங்க அப்புடி இல்ல. ஆனா இன்னொண்ணு சொல்லுச்சு: பத்து நாளுக்கு முன்னாடியும் ஒண்ணா இருந்த மறுநாள் லேசா செவப்பா பட்டிருக்கு, துணியில ரெண்டு சொட்டு, தானா நின்னுருச்சுன்னு யாருகிட்டயும் சொல்லல. எனக்கு அதுதான் பக்குன்னுச்சு. நெகட்டிவ் குரூப் அம்மா வயித்துல பாசிட்டிவ் புள்ள இருந்து, ரத்தம் பட்டா, புள்ளையோட ரத்தம் கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலந்துரலாம், அம்மா உடம்பு அதுக்கு எதிர்ப்பு உண்டாக்கிருச்சுன்னா இந்தப் புள்ளையோ அடுத்த புள்ளையோ ரத்தசோகை, மஞ்சக்காமாலன்னு சிக்கல்ல மாட்டும். அதத் தடுக்க ஆன்டி டி ஊசிய 72 மணி நேரத்துக்குள்ள போடணும். அந்த ரெண்டு சொட்டுக்கு அந்த நேரம் எப்பவோ தாண்டிருச்சு. எதிர்ப்பு உண்டாயிருக்கான்னு பாக்குற டெஸ்ட் மறுநாள் நெகட்டிவ்னு வந்துச்சு, நல்லவேளை. இப்பப் பட்டதுக்கு 300 மைக்ரோகிராம் ஊசிய உடனே போட்டாங்க, 28ஆவது வாரம் போட வேண்டியது தனிக்கணக்கு, இது போட்டாச்சுன்னு அத விட்டுறக்கூடாது. ஒருவேள சீக்கிரமே பொறக்க வேண்டி வந்தா புள்ளையோட நுரையீரலுக்கு உதவட்டும்னு டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒண்ணா நாலு ஊசி.

கொடத்துப் பழி

மறுநாள் காலைல வார்டு வாசல்ல ஒரே சத்தம். பொண்ணோட அம்மா மண்டபம் பக்கத்துலருந்து மொத பஸ்ஸப் புடிச்சு வந்தவக, சம்பந்தியப் பாத்ததும் "மாசமா இருக்குற புள்ளையத் தண்ணி தூக்கவிட்டு, இப்ப ஆஸ்பத்திரில கெடத்திட்டீகளே"ன்னு ஆரம்பிச்சிட்டாக. அந்த மாமியாரும் பதில் பேசல, மூஞ்சில முந்தானைய வச்சுக்கிட்டு "நாந்தான்த்தா பாவி, ஊத்துலருந்து நாந்தான் ஒரு கொடம் கொண்டாரச் சொன்னேன்"னு அழுதாக. உள்ள படுத்திருந்த பொண்ணுக்கு எல்லாம் காதுல விழுகுது, உண்மையச் சொல்லவும் முடியல, மாமியார் பழி சொமக்குறதப் பாக்கவும் முடியல, வீட்டுக்காரரு செவத்தப் பாத்து திரும்பி நிக்கிறாரு.

டாக்டரம்மா ரெண்டு அம்மாமாரயும் உள்ள கூப்ட்டு ஸ்கேன் படத்தக் காட்டி, நச்சுக்கொடி கீழ ஒட்டியிருக்கு, கர்ப்பப்பை வளர வளர கீழ்ப்பகுதி விரியும், விரியிறப்ப நச்சு ஓரத்துல இருந்து இப்புடிப் படலாம், தண்ணி தூக்குனதால நச்சு கீழ எறங்கல, யாரு மேலயும் தப்பில்லன்னு சொன்னாங்க. அதுல ஒரு வார்த்த கூடப் பொய் இல்ல. அந்தரங்கமும் வெளிய போகல. உண்மையச் சொல்லப்போனா ராத்திரி சேந்து இருந்ததாலதான் பட்டுச்சுன்னும் சத்தியம் பண்ண முடியாது, இப்புடி எறங்குன நச்சு ஒண்ணும் பண்ணாமப் படுத்துக்கெடந்தாலே ரத்தம் காட்டும், தூண்டிவிட்டிருக்க வாய்ப்பு இருக்குன்னு மட்டும்தான் சொல்லலாம். எங்க பக்கம் வயித்துல புள்ளையோட பாசி எடுக்கக் கடல்ல எறங்குற பொண்ணுக இருக்காக, அத யாரும் கேக்குறதில்ல, ஆனா ரத்தம் பட்டுச்சுன்னா மட்டும் ஒடனே யாரோ ஒருத்தர் தலைல கட்டியாகணும்.

வீட்டுக்காரர்கிட்ட பேசுனது

இந்தப் பேச்ச பொண்ணுகிட்ட மட்டும் சொல்லி, "போயி அவர்ட்ட சொல்லிரு"ன்னு அனுப்புறது வழக்கம். அது வேலைக்காகாது. அவ எப்புடிச் சொல்லுவா, எந்த வார்த்தைல சொல்லுவா? டாக்டரம்மா ரெண்டு பேரையும் சேத்து உக்காரவச்சாங்க, கதவச் சாத்திட்டு. அவரு மொதல்ல கேட்டதே, "டாக்டர், புள்ளைக்குத் தலைல கிலைல பட்டுருக்குமா?"

பாதிப் பேருக்கு இருக்குற பயம் இதுதான். படாது. புள்ள பனிக்குடத்துக்குள்ள தண்ணில கெடக்கு, சுத்தி கர்ப்பப்பையோட கனத்த தசை, கர்ப்பப்பை வாய் மூடி, அதுக்குள்ள கெட்டியா சளி மாதிரி ஒரு அடைப்பு வேற. உறவு நடக்குற எடம் வேற, புள்ள இருக்குற எடம் வேற. சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பத்துல ஒண்ணா இருக்குறதால கரு கலையாது, கொறமாசத்துல பொறக்காது. உச்சம் வர்றப்ப வயிறு கொஞ்ச நேரம் இறுகும், படுத்தா தானா விட்டுரும், புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது.

ஆனா இவுகளுக்கு இப்போதைக்குக் கூடாது, ஏன்னா நச்சோட ரத்தக்குழாயெல்லாம் வாய்க்குப் பக்கத்துலயே இருக்கு. கூடாதுன்னா உறுப்பும், வெரலும், வேற எதுவும் உள்ள போகக்கூடாது. கட்டிப் புடிச்சுக்கலாம், முத்தம் குடுத்துக்கலாம், ஒண்ணாப் படுத்துக்கலாம், காலு அமுக்கிவிடலாம், அதுக்கெல்லாம் தடை இல்ல. வாயால செய்றவங்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு, கர்ப்பத்துல பொண்ணுறுப்புக்குள்ள காத்து ஊதவே கூடாது, காத்து ரத்தக்குழாய்ல ஏறி உயிரக் கொண்டுபோயிரும். இதச் சொல்றப்ப அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு, சொல்லித்தான ஆகணும்.

"எத்தன நாளைக்கு டாக்டர்?"ன்னாரு. நல்ல கேள்வி. 32ஆவது வாரம் திரும்ப ஸ்கேன் பாத்துட்டுச் சொல்றேன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பலூன் அடிப்பக்கம் ஒரு பொட்ட ஒட்டிட்டு ஊதுனா, பலூன் விரிய விரிய பொட்டுக்கும் வாய்க்கும் தூரம் கூடுமில்ல, அதுமாதிரி கர்ப்பப்பையோட கீழ்ப்பகுதி நீள நீள நச்சு மேல போயிரும், பாதிக் கர்ப்பத்துல கீழ இருக்குற நச்சுல பத்துக்கு ஒம்போது கடைசி மாசத்துக்குள்ள ஒதுங்கிரும்னாங்க. அவருக்கு அது புரிஞ்சுச்சு. மூணு நாளு ரத்தம் சுத்தமா நின்னதும் வீட்டுக்கு விட்டோம். சொட்டுப் பட்டாலும் மறைக்காம 108ஐக் கூப்புடணும், பாலம் தாண்டி வர்ற தூரத்த மனசுல வச்சுக்கணும்னு சொல்லி அனுப்புனோம்.

தடை போச்சு, பயம் போகல

32 வார ஸ்கேன்ல நச்சு கர்ப்பப்பை வாயிலருந்து 34 மில்லிமீட்டர் தள்ளி மேல போயிருந்துச்சு. ஸ்கேன் எடுத்தவக "எல்லாம் நல்லாருக்கு"ன்னு சொல்லி அனுப்பிட்டாக, முன்னாடி போட்ட தடைய நீக்கிட்டோம்னு யாரும் வாயால சொல்லல. போடுறப்ப பேசுனவங்க எடுக்குறப்பவும் பேசணும்ல!

மாசாமாசம் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு நடக்குற சிறப்பு முகாம்ல ஜூலைல அந்தப் பொண்ணப் பாத்தேன். மெலிஞ்சு போயிருந்துச்சு. "என்னத்தா, சாப்புடுறியா இல்லையா?"ன்னு கேட்டதுக்கு, சுத்தி வளச்சு கடைசில விஷயத்துக்கு வந்துச்சு. வீட்டுக்காரரு திண்ணைலதான் படுக்குறாராம், கடலுக்குப் போற நாள் போக மிச்ச நாளும் படகு காவலுக்குன்னு படகுத்துறைக்குப் போயிர்றாராம். வயித்துல புள்ள ஒதைக்குது, கைய வச்சுப் பாருங்கன்னா கூட கைய இழுத்துக்கிறாராம். "என்னயப் பாத்தா அருவருப்பா இருக்கோ என்னமோ சிஸ்டர், வேற எங்கயும் போறாகளோ"ன்னு கண்ணு கலங்கிருச்சு.

அவருகிட்ட போன்ல பேசுனேன். அவரு சொன்னது வேற. அன்னைக்கு ரத்தம் பட்டதுலருந்து பக்கத்துல படுத்தாலே நெஞ்சு அடிச்சுக்குதாம், தூக்கத்துல கை பட்டு எதும் ஆயிருமோன்னு பயமாம். அருவருப்பும் இல்ல, வேற ஆளும் இல்ல. ரெண்டு மாசமா ரெண்டு பேரும் ஒரே வீட்ல ஆளுக்கொண்ண நெனச்சுக்கிட்டு இருந்திருக்காக.

மறுபடி ரெண்டு பேரையும் உக்காரவச்சு, டாக்டரம்மா தேதி போட்டு எழுதியே குடுத்தாங்க, இனி தடை இல்லன்னு. தடை இல்லன்னா கட்டாயம்னு அர்த்தம் இல்ல, மனசுக்கு வந்தாப் போதும், மொதல்ல பக்கத்துல படுங்க, வயித்துல கை வைங்க, அதுவே பெருசுன்னேன். அப்பறம் நடைமுறை விஷயம். 20 வாரத்துக்கு மேல பொண்ணு மல்லாக்கப் படுத்தே ரொம்ப நேரம் இருக்கக்கூடாது, கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாய அமுக்கி தலை சுத்தும். ஒருக்களிச்சுப் படுத்து அவரு பின்னால இருக்குறது, இல்லாட்டி பொண்ணு மேல இருந்து ஆழத்தயும் வேகத்தயும் தானே பாத்துக்கிறது, வயித்து மேல பாரம் விழாம எது சௌகரியமோ அது. வலிச்சா நிறுத்திரணும், "கொஞ்சம் பொறுத்துக்க"ங்குற பேச்சே கூடாது. முடிஞ்சதும் ஒண்ணுக்குப் போயிரணும், கர்ப்பத்துல மூத்திரக் கடுப்பு சுளுவா வந்துரும். காஞ்சு போன மாதிரி இருந்தா நெறைய பேரு தேங்காயெண்ணெ தடவுறாக, ஆனா ஆணுறை போடுறவங்க எண்ணெ தொடக்கூடாது, ரப்பரு கிழிஞ்சிரும், மெடிக்கல்ல தண்ணில கரையிற ஜெல்லு இருக்கு.

கர்ப்பமா இருக்கைல ஆணுறை எதுக்குன்னு அவரு கேட்டாரு. புள்ளையத் தள்ளிப்போட இல்ல, நோய்க்காக. ஹெச்ஐவி, சிபிலிஸ், மஞ்சக்காமால பி டெஸ்ட்டு எல்லா கர்ப்பிணிக்கும் எடுக்குறோம், வீட்டுக்காரருக்கும் ஹெச்ஐவி, சிபிலிஸ் பாக்கச் சொல்றோம், சந்தேகப்பட்டு இல்ல. சிபிலிஸ் இருந்தா பென்சிலின் ஊசியிலயே சரியாயிரும், ஒருத்தருக்கு மட்டும் போட்டு இன்னொருத்தர விட்டா திரும்ப வந்துரும், புள்ளையையும் பாதிக்கும். இவுகளுக்கு எல்லாமே நெகட்டிவ்.

ஒண்ணா இருந்த மறுநாள் வெளிர் ரோஸா, பழுப்பா ஒரு சொட்டு பட்டா? நச்சு மேல இருக்குறவங்களுக்கும் அது நடக்கும், கர்ப்பத்துல கர்ப்பப்பை வாய் மெத்துன்னு, ரத்தம் ஓடி இருக்குறதால உரசுனாலே கசியும். இருந்தாலும் போன் போட்டுச் சொல்லிரணும், இந்தப் பொண்ணு மாதிரி நெகட்டிவ் குரூப்னா கட்டாயம் வந்துரணும். நல்ல செவப்பா பட்டாலோ, தண்ணி மாதிரி ஒழுகிக்கிட்டே இருந்தாலோ, வயிறு கல்லாட்டம் இறுகி இறுகி விட்டு வலி நிக்காம இருந்தாலோ, புள்ள ஆட்டம் கொறஞ்சாலோ போன்ல பேசிக்கிட்டு இருக்கப்படாது, கெளம்பிரணும்.

மத்த கேஸுகள வச்சுப் பாத்தா

இந்தக் குடும்பத்துக்கு நேர் எதிரா இன்னொரு வீடு, கீழக்கரைப் பக்கம். மாப்ள வெளிநாட்டுலருந்து ஒரு மாச லீவுல வந்திருக்காரு, பொண்ணு மூணு மாசம், ஒரு சிக்கலும் இல்ல. மூத்தவங்க சேந்து பொண்ண அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாக, கரு கலைஞ்சிருமாம். மொத மூணு மாசத்துல கலையிற கருவுல பாதிக்கு மேல உருவாகைலயே குரோமோசோம் கோளாறோட உருவானது, ஒண்ணா இருந்தாலும் இல்லாட்டியும் அது நிக்காது. அந்தப் பொண்ணு நர்சம்மாகிட்ட காதோட காதா கேட்டுச்சு, கேட்டதாலதான் பதிலு கெடச்சுச்சு.

நெசமாவே கூடாதுங்குற லிஸ்ட்டு ரொம்பச் சின்னது. நச்சு வாய மூடி இருக்கவங்க, இல்ல கீழ எறங்கி ரத்தம் காட்டுனவங்க. காரணம் தெரியாம ரத்தம் பட்டுக்கிட்டு இருக்கவங்க. பனிக்குடம் ஒடஞ்சவங்க, அதுல உள்ள கிருமி ஏறிரும். கொறமாச வலி வந்தவங்க, கர்ப்பப்பை வாய் குட்டையாகி தையல் போட்டவங்க. ரெட்டப்புள்ள, முன்னாடி கொறமாசத்துல பொறந்த சரித்திரம், இதெல்லாம் ஆளப் பாத்து டாக்டர் சொல்லணும். மத்தவங்களுக்கு வலி எடுக்குற நாள் வரைக்கும் தடை இல்ல. கடைசி மாசத்துல ஒண்ணா இருந்தா சுளுவா பிரசவமாகும்னு ஒரு பேச்சு ஓடுது, விந்துல கர்ப்பப்பை வாய மெருதுவாக்குற பொருள் இருக்குறது உண்மைதான், ஆனா அதனால வலி சீக்கிரம் வரும்னு ஆராய்ச்சில நிக்கல. நச்சு கீழ இருக்குறவங்க இந்தப் பேச்ச நம்பி எறங்குனா நேரா ஆப்பரேசன் தியேட்டருதான்.

என்னயக் கேட்டா நாங்க எழுதுற சீட்டுலதான் கொற. "ரெஸ்ட்"னு ஒரு வார்த்தைய எழுதிட்டு எது கூடாது, ஏன் கூடாது, எது வரைக்கும் கூடாதுன்னு விட்டுர்றோம். எங்க வார்டுல இப்ப அட்டைல தனியா எழுதுறோம்: ஒண்ணா இருக்கக்கூடாது, 32 வார ஸ்கேன் வரைக்கும்னு தேதியோட. மாமியார் படிச்சிருவாகன்னு கூச்சப்படுறவங்களுக்கு அட்டைல எழுதாம வீட்டுக்காரர் போனுக்குப் பேசிச் சொல்லிர்றோம்.

பின்னாடி நடந்தது

ஆகஸ்ட் கடைசில, 39 வாரத்துல ஆப்பரேசன். நச்சு ஒதுங்கிருச்சு, நார்மலுக்கு முயற்சி பண்ணலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க, தீவுலருந்து வலியோட வர்ற தூரத்த நெனச்சு புருசனும் பொண்டாட்டியுமே ஆப்பரேசன்னு முடிவு பண்ணிட்டாக. பொம்பளப் புள்ள, 2.9 கிலோ. குரூப் பாசிட்டிவ், அதனால மறுபடி ஆன்டி டி. ஆப்பரேசன்லயே காப்பர் டி வச்சாச்சு, முன்னாடியே ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தாக.

ஆறு வாரம் கழிச்சு தையல் காட்ட வந்தப்ப வீட்டுக்காரரும் கூடவே உள்ள வந்தாரு, இந்தத் தடவ வெளிய நிக்கல. பொண்ணுதான் பேசுச்சு: ஒரு தடவ ஒண்ணா இருந்து பாத்தோம், எரியிது சிஸ்டர்னு. தாய்ப்பால் குடுக்குற வரைக்கும் சுரப்பு கொறஞ்சு காய்ஞ்சுதான் இருக்கும், ஜெல்லு வாங்கிக்கங்க, அவசரப்படாதீங்க, உதிரப்போக்கு நின்னு, தையல் ஆறி, வலி இல்லைன்னாத்தான்னு சொன்னேன். பால் குடுத்தா கர்ப்பம் தங்காதுன்னு எப்பயும் நம்பிறக்கூடாது, பால் குடுக்காதவங்களுக்கு மூணு வாரத்துலயே தங்க வாய்ப்பு இருக்கு, இவுகளுக்கு காப்பர் டி இருக்குறதால அந்தக் கவல இல்ல. ஆப்பரேசன்ல வச்சதோட நூலு கண்ணுக்குத் தெரியல, பல பேருக்கு அப்புடித்தான், ஸ்கேன்ல பாத்ததுக்கு சரியான எடத்துல இருந்துச்சு. அடுத்து ஒரு புள்ள வேணும்னு எப்பவாச்சும் நெனச்சா, நாள் தள்ளுனதும் சீக்கிரமே வந்து நச்சு எங்க ஒட்டுதுன்னு பாத்துரணும், ரெண்டு ஆப்பரேசன் தழும்பு இருக்கு, இந்தத் தடவ பின்பக்கம் ஒட்டுனது அடுத்த தடவயும் பின்பக்கமே ஒட்டும்னு சொல்ல முடியாது. ரிப்போர்ட்டையெல்லாம் ஒரே ஃபைல்ல போட்டு அவரு கையில குடுத்து அனுப்புனோம்.